அடைக்கலம் மறுக்கப்பட்டோரும் மேன்முறையீடும்

அகதி என்னுஞ் சொல் வடமொழியினின்று வந்தது. கதியற்றவன் என்பது அதன் பொருள். அடைக்கலம் என்பதோ நம் மொழியிற் பழமையாக வழங்கும் சொல். காவலின் பொருட்டு ஒருவரிடம் ஒப்புவித்தலையும், அங்ஙனம் ஒப்புவிக்கப்பட்ட பொருளையும் அஃது ஒருங்கே குறிக்கும். கதியற்றவன் அடைக்கலம் பெறுதல் ஒருகாலத்தில் அடைந்தோனின் வேண்டுகோளாலும் அடையப்பட்டோனின் அருளாலும் முடிந்த செயலாகும். இக்காலத்திலோ இவ்விரண்டிற்கும் இடையே சட்டம் நிற்கின்றது. ஒருவன் தான் அகதியெனச் சொல்லிக்கொண்டு ஒரு நாட்டின் வாயிலில் வந்து நின்றால், அவன் கூற்றை அந்நாட்டு அதிகாரி ஆராய்கின்றார். ஏற்கவும் கூடும், மறுக்கவும் கூடும். மறுக்கப்பட்டவன் யாது செய்வான்? அவன் முறையிடத்தக்க மன்றம் உளதா? உளதாயின், அம்முறையீடு பயன் தருவதற்கு வேண்டுவன யாவை? இவ்வினாக்களையே இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது.

இதற்கு எடுத்துக்காட்டாகப் பிரிட்டன் நாட்டுச் சட்டத்தைக் கொள்வோம். காரணம் ஒன்றுண்டு. அந்நாட்டு அடைக்கலச் சட்டத்தின் பெருநெறிகள் பல, இலங்கையினின்று சென்ற தமிழர் தொடுத்த வழக்குகளிலேயே வரையறுக்கப்பட்டன. நம் மொழி பேசுவோர் சிலருடைய அச்சமும் அலைச்சலும் அங்கே பிற நாட்டார் அனைவர்க்கும் பொருந்தும் நெறிகளாய் நிலைத்துவிட்டன.

உடன்படிக்கை

1951-ஆம் ஆண்டு சூலை மாதம் 28-ஆம் நாள் ஜெனிவா நகரில் அகதிகளின் நிலையைப் பற்றிய உடன்படிக்கை ஒன்று நிறைவேறிற்று. பிரிட்டன் அதனை 1954-ஆம் ஆண்டில் உறுதி செய்து ஏற்றுக்கொண்டது. முதலில் அது 1951-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகளால் அகதியானோரையே கருதிற்று; 1967-ஆம் ஆண்டு இணைப்பொப்பந்தம் அவ்வரம்பை நீக்கியது. இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து என்னும் ஐந்தனுள் ஒன்று காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க அடிப்படையோடு அஞ்சித் தன் நாட்டிற்கு வெளியே நிற்பவனும், அந்நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவனும் அகதியாவான். அத்தகையோனை அவனுடைய உயிருக்கோ உரிமைக்கோ கேடு நேரும் எல்லைக்குத் திருப்பியனுப்பலாகாது என்பது அதன் 33-ஆம் பிரிவு. உடன்படிக்கையின் உயிர்நிலை இதுவே எனலாம்.

ஆயினும், வந்தவன் அகதியா அல்லனா என்பதை யார் தீர்மானிப்பது, மறுத்தால் எங்கே முறையிடுவது என்பனவற்றை உடன்படிக்கை வகுத்துரைக்கவில்லை. அவற்றை அந்தந்த நாட்டுச் சட்டத்திற்கே விட்டது. உரிமையைத் தந்து, அவ்வுரிமையை நாட்டும் வழியைத் தாராது விட்ட இடம் இது. பின்னர் எழுந்த வழக்குகள் பலவும் இவ்விடைவெளியினின்றே எழுந்தன.

மேலும், பிற வழக்குகளுக்கும் இவ்வழக்கிற்கும் ஒரு வேறுபாடுண்டு. நிலவழக்கில் நீதிபதி பிழைத்தால், பிறகு நிலத்தை மீட்டுத் தரலாம். கடன் வழக்கிற் பிழைத்தால், வட்டியோடு பணத்தைத் திருப்பலாம். அடைக்கல வழக்கில் அதிகாரி பிழைத்தாலோ, அப்பிழையின் விலையை முறையீட்டாளன் தன் உடலாலும் உயிராலும் கொடுக்க நேரும். ஆதலின், பிழை திருத்தும் வழி எவ்வாறு அமைந்துள்ளது என்பது ஈண்டுச் சட்ட நுணுக்கம் மட்டுமன்று; உயிர்க் காவலும் ஆகும்.

இருவகை முறையீடு

மறுக்கப்பட்டவன் நீதிமன்றத்தை அணுகும் வழிகள் இரண்டு. ஒன்று மேன்முறையீடு; மற்றொன்று நீதிமுறை ஆய்வு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். மாணவராகிய நமக்கு நன்கு தெரிந்த உவமையால் இதனை விளக்கலாம். தேர்வில் தவறியவன், தன் விடைத்தாளின் மதிப்பெண்களைச் சரியாகக் கூட்டினார்களா, எல்லா விடைகளையும் பார்த்தார்களா என்று மட்டும் சோதிக்குமாறு வேண்டலாம். அல்லது விடைத்தாளையே வேறொருவர் புதிதாகத் திருத்துமாறு வேண்டலாம். முன்னதில் விடையின் தகுதி மீண்டும் எடைபோடப்படுவதில்லை, பின்னதில் எடைபோடப்படுகின்றது.

நீதிமுறை ஆய்வு முன்னதை ஒக்கும். மந்திரி சட்டத்தைச் சரியாகப் பொருள்கொண்டாரா, நேர்மையான முறையில் விசாரித்தாரா, பகுத்தறிவுடைய எவரும் செய்யத்தகாத முடிவைச் செய்தாரா என்பனவற்றையே நீதிபதி பார்ப்பார். வந்தவன் கூறியது மெய்யா என்று அவர் தாமே தீர்மானிப்பதில்லை. மேன்முறையீடு பின்னதை ஒக்கும். அங்கே நடுவர் சான்றுகளைத் தாமே கேட்டு, இவன் அகதியா என்னும் வினாவிற்குத் தாமே விடை காண்கின்றார்.

நீதிமுறை ஆய்வும் இத்தகைய வழக்குகளில் வெறுஞ் சடங்காக ஒழிதல் கூடாது என்று பிரபுக்கள் சபை 1987-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் கூறிற்று. உகாண்டா நாட்டார் ஒருவர் உள்ளிட்ட சிலருடைய வழக்கு அது. மனிதனுக்குரிய உரிமைகளுள் முதன்மையானது உயிர்வாழும் உரிமையாதலின், அதற்கு இடையூறு விளைவிக்கக்கூடிய முடிவு மிகுந்த கவலையோடு துருவி ஆராயப்பட வேண்டும் என்பது பிரிட்ஜ் பிரபு வகுத்த நெறி. அந்நெறி இன்றும் அந்நாட்டு நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகின்றது. எனினும், எத்துணைக் கவலையோடு கூட்டிப் பார்த்தாலும், கூட்டிப் பார்த்தல் திருத்துதல் ஆகாது.

1987-ஆம் ஆண்டுத் தமிழர் வழக்கு

1983-ஆம் ஆண்டு சூலைக் கலவரத்தின் பின்னர் இலங்கைத் தமிழர் பலர் அயல்நாடுகளை நோக்கிப் புறப்பட்டனர். 1985-ஆம் ஆண்டில், இலங்கையர் தன் நாட்டினுள் வர முன்னரே விசா பெறல் வேண்டுமெனப் பிரிட்டன் விதித்தது. 1987-ஆம் ஆண்டில் விசாவின்றி வந்திறங்கிய தமிழர் சிலர் அடைக்கலம் வேண்டினர். உள்துறை மந்திரி மறுத்தார். நாட்டின் வட கிழக்குப் பகுதிகளில் இராணுவம் ஆயுதந்தாங்கியோரையே எதிர்க்கின்றது, தமிழரைத் தமிழரென்னுங் காரணத்தால் துன்புறுத்தவில்லை என்பது அவர் கொண்ட கருத்து.

அக்காலத்துச் சட்டம் 1971-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டமாகும். அச்சட்டப்படி, முன் அனுமதியின்றித் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ வந்து மறுக்கப்பட்டவனுக்கும் மேன்முறையீடு உண்டு. ஆனால் நாட்டை விட்டு வெளியேறிய பின்னரே அவன் அதனைச் செய்யலாம். எந்த நாட்டிற்குத் திரும்ப அஞ்சுகின்றானோ அந்த நாட்டிற்குத் திரும்பிச் சென்று, அங்கிருந்துகொண்டு, 'எனக்கு இங்கே திரும்ப அச்சமாயிருந்தது' என்று முறையிடல் வேண்டும். இதனினும் முரண்பட்ட முறையொன்றைக் கற்பித்தல் அரிது. ஆகவே, அவ்விளைஞர்க்கு நாட்டினுள் இருந்தபடியே எஞ்சிய வழி நீதிமுறை ஆய்வு ஒன்றே.

உயர்நீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளிற்று. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1987 அக்டோபரில் அவர்கள் பக்கம் தீர்த்தது. பிரபுக்கள் சபை அவ்வாண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அத்தீர்ப்பை மாற்றி, மந்திரியின் முடிவை நிலைநாட்டிற்று. சிவகுமாரன் வழக்கு என இது வழங்கும். வாதத்தின் கரு, 'தக்க அடிப்படையுள்ள அச்சம்' என்பதற்குப் பொருள் யாது என்பதே.

இருட்டிற் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று அஞ்சுதலை நம் முன்னோர் உவமையாகச் சொல்வர். அதனை ஈண்டுப் பொருத்திப் பார்க்கலாம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கருத்துப்படி, அவ்விருட்டில் நின்ற இயல்பான துணிவுள்ள ஒருவன் அஞ்சுதற்குக் காரணம் இருந்ததா என்று பார்த்தாற் போதும். பிரபுக்கள் சபையின் கருத்துப்படி, விளக்கைக் கொண்டு வந்து பார்த்தல் வேண்டும். அஞ்சியவன் அறியாத செய்திகளையும் மந்திரி கருதலாம். அவ்வாறு பார்த்தபின் அவ்வழியிற் பாம்பு இருக்கும் என்பதற்கு ஓரளவு நியாயமான வாய்ப்பு உண்டாயின், அச்சம் தக்க அடிப்படையுள்ளதாகும். கேடு நேர்வதே நேராமையினும் மிகுதி என்று காட்ட வேண்டுவதில்லை. பாதிக்குக் குறைந்த வாய்ப்பும் போதும். முறையீட்டாளர் தோற்ற இவ்வழக்கிற் பிறந்த இவ்வளவுகோல், பிற்காலத்தில் அடைக்கலம் வேண்டிய பல்லாயிரவர்க்குத் துணையாயிற்று என்பது நினைக்கத்தக்கது.

தோற்ற இளைஞர் 1988 பெப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அவருள் ஐவர், சட்டம் சொன்னபடியே, வெளியேறிய பின்னர் மேன்முறையீடு செய்தனர். முறையிட்டவர் கடலுக்கு அப்பால், விசாரணை இங்கிலாந்தில். ஓராண்டிற்குமேற் கழிந்தபின், 1989 மார்ச்சு மாதத்தில் நடுவர் தீர்ப்பளித்தார். திருப்பியனுப்பிய காலத்தில் அவர்கள் அச்சம் தக்க அடிப்படையுடையதாகவே இருந்தது. அவர்கள் அடைக்கலத்திற்கு உரியவர்கள். மீண்டும் அழைத்துக்கொள்க என்பது தீர்ப்பு. அவ்வாண்டிற்குள்ளேயே அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்பினர். இடைப்பட்ட காலத்தில் தாம் இலங்கையில் துன்புறுத்தப்பட்டதாக அவருள் மூவர் கூறினர்.

நம் இலக்கியத்தில் இதனை ஒத்ததொரு நிகழ்ச்சி உண்டு. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை வருமிடத்தை நோக்குக. கண்ணகி அரசன் முன் நின்று வழக்குரைத்தாள், சான்று காட்டினாள், சிலம்பு உடைந்து மணி தெறித்தது, அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர்நீத்தான். வழக்கு வென்றது, தீர்ப்பும் சரியே. ஆனால் கோவலன் முன்னரே வெட்டுண்டு கிடந்தான். மதுரையிற் குறைந்தது நீதியன்று, நீதியின் முறைவரிசை. தண்டம் முன்னும் விசாரணை பின்னுமாக அமைந்த இடத்தில் மெய்யான தீர்ப்பும் இரங்கற்பாவாகவே முடியும். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறையும் அஃதே. ஐவரும் உயிரோடிருந்தமையால் தீர்ப்பு அவர்க்குப் பயன்பட்டது. அது சட்டத்தின் சிறப்பன்று.

விவிலிய நூலில் எண்ணாகமத்தின் 35-ஆம் அதிகாரம் இதற்கு மறுதலையான முறையைக் காட்டுகின்றது. அங்கே ஆறு அடைக்கலப்பட்டணங்கள் குறிக்கப்பட்டுள. கைப்பிசகாய்க் கொன்றவனும் அங்கே ஓடிப் புகலாம். சபை முன் நின்று நியாயம் விசாரிக்கப்படும் வரையில் அவனைப் பழிவாங்குவோன் தொடலாகாது. அடைக்கலம் முன், விசாரணை பின், அதன்பின்னரே முடிவு என்னும் வரிசை அங்கே தெளிவாகப் போற்றப்பட்டது. விசாரணை முடிவில் அவன் குற்றவாளியெனக் காணப்படினும் படலாம். ஆயினும் அதுவரை அவன் உயிர் காக்கப்படும்.

அவ்வைவரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தையும் அணுகினர். ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள அம்மன்றம், வில்வராஜா வழக்கு என வழங்கும் அதில், 1991 அக்டோபர் 30-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அனுப்பிய நாளில் அவர்களுடைய நிலை ஏனைத் தமிழிளைஞர் நிலையினும் மோசமானதெனக் காட்டும் தனிக்குறி எதுவும் இல்லை; கேடு நேரக்கூடும் என்னும் வெறும் வாய்ப்பு மட்டும் போதாது; நீதிமுறை ஆய்வே தக்க பரிகாரமாகும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். இவ்வாறாக, அவர்களை அகதிகளென ஒரு நடுவர் கண்டார். அவர்களை அனுப்பியதில் தவறில்லை என ஒரு பெருமன்றம் கண்டது. இவை ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஒன்று விடைத்தாளைத் திருத்தியது. மற்றொன்று திருப்பியனுப்பிய நாளில் அரசு அறிந்திருந்தவற்றை வைத்துப் பார்த்தது. மேன்முறையீட்டிற்கும் ஆய்விற்கும் உள்ள தொலைவை இதனினும் நன்கு விளக்கும் வழக்கில்லை.

நின்று முறையிடும் உரிமை

1993-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றிற்று. அடைக்கலம் மறுக்கப்பட்டோர் நாட்டினுள் இருந்தபடியே மேன்முறையீடு செய்யும் உரிமை அதனாற் பொதுவாகக் கிடைத்தது. பின்னர் வந்த 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, மேன்முறையீடு முடியுமுன் முறையீட்டாளனை வெளியேற்றலாகாது எனத் தெளிவாகக் கூறுகின்றது.

ஸ்ட்ராஸ்பர்க் மன்றமும் நாளடைவில் இவ்வழிக்கு வந்தது. எரித்திரியா நாட்டார் ஒருவர் பாரிஸ் விமான நிலையத்தில் மறுக்கப்பட்ட வழக்கில், 2007 ஏப்ரல் 26-ஆம் நாள், அத்தகையோர்க்குரிய பரிகாரம் வெளியேற்றத்தைத் தானாகவே நிறுத்திவைக்கும் ஆற்றலுடையதாதல் வேண்டும் என அது தீர்த்தது. நிறுத்தும் ஆற்றலில்லாத முறையீடு வெறும் விண்ணப்பத்தாளே என்னும் உண்மை இங்ஙனம் ஐரோப்பாவிற் சட்டமாயிற்று.

ஆனால் பெற்ற உரிமை முழுமையாக நிலைத்திலது. தெளிவாகவே ஆதாரமற்றது என மந்திரி சான்றளிக்கும் கோரிக்கைகளுக்கு, 2002-ஆம் ஆண்டுச் சட்டம் மேன்முறையீட்டை நாட்டிற்கு வெளியிலிருந்தே செய்ய விட்டது. 2022 சூன் 28-ஆம் நாள் முதல் அத்தகையோர்க்கு அதுவும் இல்லையாயிற்று. நீதிமுறை ஆய்வு ஒன்றே எஞ்சியது. 1987-ஆம் ஆண்டின் வாயிலருகே அவர்கள் மீண்டும் நிற்கின்றனர்.

போதிய காலம்

நிற்க இடம் கிடைத்தாலும் பேசக் காலம் வேண்டும். முறையீட்டாளன் வழக்கறிஞரைத் தேட வேண்டும். தன் நாட்டினின்று சான்றுகளை வருவிக்க வேண்டும். உடற்காயங்களை மருத்துவரிடம் காட்டி அறிக்கை பெற வேண்டும். மொழியறியாத நாட்டில், பெரும்பாலும் பணமின்றி, இவற்றைச் செய்தல் எளிதன்று.

பிரிட்டனிற் சில ஆண்டுகள் விரைவு விசாரணை முறை ஒன்று நடந்துவந்தது. அதன்கண் அகப்பட்டோர் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். மறுப்பாணை கிடைத்த இரண்டு வேலை நாட்களுக்குள் மேன்முறையீடு செய்தல் வேண்டும். விசாரணையும் சில நாட்களிலேயே முடிந்துவிடும். 2015 சூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அவ்விதிகள் அமைப்பிலேயே நேர்மையற்றவை எனத் தீர்த்து அவற்றைச் செல்லாவாக்கிற்று. சில வழக்குகளில் நன்கு நடந்திருக்கலாம். ஆயினும், பலர்க்குத் தம் வழக்கை உரைக்கக் காலமே இராதபடி விதி வகுக்கப்பட்டிருந்தால், குறை வழக்கில் அன்று, விதியிலேயே உளது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

காலம் நீளுதலும் நன்றன்று என்பதைச் சொல்லல் வேண்டும். முடிவு தெரியாமல் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவன் வேரூன்றவும் மாட்டான், பெயரவும் மாட்டான். ஆதலின் விரைவு தீதன்று. பேசவிடாத விரைவே தீது.

எடைபோடும் செவி

மூன்றாவதாக வேண்டுவது, சொல்வதை எடைபோட்டுக் கேட்கும் செவி. கனடா நாட்டில் 1985 ஏப்ரல் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த சிங் வழக்குத் தீர்ப்பு இதன்கண் முதன்மையானது. அடைக்கலம் வேண்டி மறுக்கப்பட்ட எழுவர், பெரும்பாலோர் இந்தியச் சீக்கியர், அவ்வழக்கைத் தொடுத்தனர். அக்காலத்து முறைப்படி, அதிகாரி ஒருவர் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தை வைத்தே முடிவு செய்யப்பட்டது. முடிவு செய்பவரை முறையீட்டாளர் நேரிற் காணாமலே வழக்கு முடிந்துவிடலாம். தீர்ப்பளித்த நீதிபதிகள் அறுவரும் இது தகாது என்றனர். மூவர் உரிமைச் சாசனத்தையும், மூவர் 1960-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தையும் ஆதாரமாகக் காட்டினர். ஒருவன் சொல் நம்பத்தக்கதா என்பதே வினாவாக இருக்கும்போது, அவன் வாய்மொழியைக் கேளாது விடை காணலாகாது என்பது அத்தீர்ப்பினால் நாம் பெறும் நெறி.

அடைக்கல வழக்குகளிற் பெரும்பாலன சட்டத்தால் தோற்பதினும் நம்பிக்கையின்மையால் தோற்கின்றன. முதல் நாள் சொன்னதற்கும் பின்னர்ச் சொன்னதற்கும் வேறுபாடு காணின், 'இவன் பொய்யன்' என்று கொள்ளுதல் எளிது. தமிழ் பயிலும் நாம் இங்கே ஒன்றைக் கருதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவன், 'என் அண்ணனைப் பிடித்துச் சென்றனர்' என்று கூறுகின்றான் எனக் கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் அதனை உடன்பிறந்த தமையன் என்னும் பொருள்பட ஆங்கிலத்திற் சொல்கின்றார். பின்னொருநாள், 'உடன்பிறந்தோர் எத்தனை பேர்?' என வினவ, 'தங்கை ஒருத்தியே' என்கின்றான். ஏட்டில் இது முரண்பாடு. நம் காதிற்கோ முரண்பாடே இல்லை; பெரியப்பா மகனை அண்ணன் என்றே அழைப்போம் அன்றோ? இவ்வாறே, சித்திரையில் நிகழ்ந்தது என்றவனுடைய கூற்று ஏப்ரல் எனவும் மே எனவும் இருவேறாக எழுதப்படலாம். ஓர் உறவுப்பெயரும் ஒரு மாதப்பெயரும் ஒருவன் உயிரைத் தொடும் இடம் அது. இத்தகைய முடிச்சுகளை அவிழ்ப்பதற்கே நேர்முக விசாரணை வேண்டப்படுகின்றது.

2000-ஆம் ஆண்டு சனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த கருணாகரன் வழக்கும் ஓர் இலங்கைத் தமிழருடையதே. அவர் கொழும்பு நகரிற் சென்று வாழலாமே என்பது அரசின் வாதம். உரிமை வழக்குகளில் ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே மெய்ப்பித்தல் போல அடைக்கல வழக்கில் எதிர்பார்க்கலாகாது. முற்றிலும் ஐயமற நீக்கத்தக்கவை ஒழிய, ஐயத்திற்கிடமான செய்திகளையும் அவற்றிற்குரிய எடையோடு தட்டிலிட்டு, முழுமையும் சேர்த்து நிறுத்தல் வேண்டும் என நீதிபதிகள் கூறினர்.

இவற்றினும் உள்ளத்தைத் தொடுவது 2019 மார்ச்சு 6-ஆம் நாள் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு. முறையீட்டாளர் பெயர் மறைக்கப்பட்டு, இரண்டெழுத்தால் மட்டும் குறிக்கப்பட்டார். அவர் 2011-ஆம் ஆண்டிற் பிரிட்டனை அடைந்த தமிழர். அவர் முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இட்ட தழும்புகள் இருந்தன. தடுப்புக் காவலில் தம்மைச் சுட்டனர் என்பது அவர் கூற்று. அடைக்கலம் பெறுதற்காகத் தாமே பிறரைக்கொண்டு சுடுவித்துக்கொண்டிருக்கலாமே என்பது எதிர்த்தரப்பு ஐயம். முதனிலைத் தீர்ப்பாயம் அவர் முறையீட்டைத் தள்ளிற்று. மேனிலைத் தீர்ப்பாயம் 2014-ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்து தள்ளிற்று. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இருவர் அவருக்கு மாறாகவும், ஒருவர் சார்பாகவும் நின்றனர். உச்ச நீதிமன்றம் அவர் முறையீட்டை ஏற்றது. தன் உடலைத் தானே இவ்வாறு சுடுவித்துக்கொள்ளுதல் மிக மிக அருமை என்பதை முன் ஆராய்ந்தோர் உரியவாறு கருதிற்றிலர். காயத்தின் தன்மை கூறப்பட்ட காரணத்தோடு எவ்வளவு பொருந்துகின்றது என மருத்துவர் உரைத்தல் அவர் எல்லைக்குட்பட்டதே என்று கூறி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பிற்று. தழும்பு ஒன்றே, அதனைப் படித்த கண்கள் பல. நான்காம் படியேறிய பின்னரே அது சரியாகப் படிக்கப்படவில்லை என்பது வெளிப்பட்டது.

இன்றுள்ள படிகள்

இனி, இங்கிலாந்தில் இக்காலத்துள்ள முறையைச் சுருங்கக் கூறுவாம். மறுப்பாணை கிடைத்த 14 நாட்களுக்குள் முதனிலைத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்தல் வேண்டும். செய்திகளும் சட்டமும் ஒருங்கே ஆராயப்படும் இடம் இதுவே. மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே அமர்த்தும். அங்கே தோற்றவன், சட்டப்பிழை உண்டெனக் காட்டி, அனுமதி பெற்று, 2010-ஆம் ஆண்டில் இப்பணியை ஏற்ற மேனிலைத் தீர்ப்பாயத்திற்குச் செல்லலாம். அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம். முக்கியமானதொரு நெறியேனும் வேறு வலிய காரணமேனும் இருந்தாலன்றி அங்கே அனுமதி கிடையாது. எல்லாவற்றிற்கும் மேல் உச்ச நீதிமன்றம். மேனிலைத் தீர்ப்பாயம் அனுமதி மறுத்தால் நீதிமுறை ஆய்வு வேண்ட 2011-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு வாயிலைத் திறந்துவைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் அதனைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது.

ஆகவே, மேலே ஏற ஏறப் படி குறுகுகின்றது. கேட்கப்படும் வினாவும் சுருங்குகின்றது. முதற்படியிற் சொல்லாது விட்ட செய்தியை மேற்படியிற் சொல்லுதல் அரிது. பின்னர்ப் புதுச்சான்று கிடைத்துப் புதுக்கோரிக்கை இட்டாலும், முதல் நடுவர் கண்ட முடிவே ஆராய்ச்சியின் தொடக்கமாகக் கொள்ளப்படும் என 2002-ஆம் ஆண்டுத் தேவசீலன் வழக்கு வகுத்தது. அவரும் இலங்கைத் தமிழரே.

அளவுகோலும் ஓரளவு மாறியுள்ளது. 2022 சூன் 28-ஆம் நாள் முதல் இடப்படும் கோரிக்கைகளில், முறையீட்டாளன் மெய்யாகவே அஞ்சுகின்றானா, உடன்படிக்கை கூறும் ஐந்து காரணங்களுள் ஒன்று அவனிடம் உளதா என்பன, நேர்ந்திருத்தல் நேராமையினும் மிகுதி என்னும் அளவில் நிறுவப்படல் வேண்டும். அதன் பின்னரே, கேடு நேருமா என்பது பழைய சிவகுமாரன் அளவுகோலால் அளக்கப்படும். முதல் வாயில் உயர்ந்தது; இரண்டாவது பழையபடியே நிற்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மேன்முறையீடு மெய்யான மேன்முறையீடாதற்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதன என்பது பெறப்படும். முறையிடுவோன் அனுப்பப்படாது நிற்றல் முதலாவது. தன் வழக்கைத் திரட்டப் போதிய காலம் பெறுதல் இரண்டாவது. செய்திகளைப் புதிதாக எடைபோடும் நடுவர் முன் தன் வாயாற் பேசுதல் மூன்றாவது. இவற்றுள் ஒன்று குறையினும், சட்டப்புத்தகத்தில் உரிமை இருக்கும், மனிதனிடம் இராது.

அடைக்கலம் வேண்டுவோர் அனைவரும் மெய்யரென யாம் கூறவில்லை. பொய்யுரைத்து வருவோரும் உளர். ஒரு நாடு தன் வாயிலைக் காத்தல் அதன் கடமையுமாகும். ஆயின், பொய்யனைக் கண்டறிதற்கும் மெய்யனைக் கண்டறிதற்கும் வேண்டப்படுவது ஒரே விசாரணைதான். விசாரணையைக் குறுக்கினால் பொய்யன் இழப்பது ஒரு வாய்ப்பு. மெய்யன் இழப்பது உயிர். இவ்விரு இழப்பும் ஒத்த எடையுடையன அல்ல என்பதை உணர்ந்தமையாலேயே, சிவகுமாரன் வழக்கில் நீதிபதிகள் மெய்ப்பிக்கும் சுமையைத் தாழ்த்தி வைத்தனர்.

1989-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஐவர்க்குக் கிடைத்த தீர்ப்பு, அவர்கள் பிரிட்டனை விட்டு அனுப்பப்படுமுன் கிடைத்திருக்க வேண்டிய தீர்ப்பாகும். அது பதின்மூன்று மாதம் தாழ்ந்து வந்தது. அப்பதின்மூன்று மாதத்தைக் குறைப்பதற்காகவே அதன் பின்னர்ச் சட்டங்களும் வழக்குகளும் போராடி வந்துள்ளன. இன்னும் அது முற்றக் குறைந்தபாடில்லை.